டீசல் வண்டியின் இன்டேக்கில் கரியும் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு விவேக் நகரில் டீசல் வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள்: டாக்ஸி ஓட்டுபவர்கள், டெம்போ வைத்திருப்பவர்கள், ஒசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் வந்து போகிறவர்கள். பானெட்டைத் திறந்ததும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட நிதானமாக எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

1. “காத்து மட்டும் போற பாதையில கரி எப்படிண்ணா வரும்?”

நியாயமான சந்தேகம். காற்று சிலிண்டருக்குப் போகும் இந்தப் பாதையைத்தான் இன்டேக் என்கிறோம். ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போவது சுத்தமான காற்றுதான். ஆனால் போகிற வழியில் அதோடு இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, என்ஜின் ஆயிலின் ஆவி. மற்றொன்று, வெளியேறும் புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு வழியாக வரும் புகை. அந்தப் புகையில் பொடிக் கரி இருக்கிறது.

தனித்தனியாக இருந்தால் இரண்டாலும் பெரிய தொல்லை இல்லை. உலர்ந்த கரியில் பெரும்பகுதி காற்றோடு சிலிண்டருக்குள் போய்விடும். எண்ணெய் மட்டும் என்றால் குழாயில் மெல்லிய படலமாக ஓடும். எண்ணெய் பட்ட சுவரில் கரி போய் உட்காரும்போதுதான் தார் மாதிரி இறுகுகிறது. அதன்மேல் இன்னொரு படலம், இன்னொரு அடுக்குக் கரி. இரண்டு விரல் நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல்கூடச் சிரமப்பட்டு நுழைந்த மேனிஃபோல்டுகளை, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதிகளை, கழற்றியிருக்கிறேன். எண்ணெயும் கரியும் சேர்ந்தால்தான் அடைப்பு என்பதை நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

2. “வெளிய போற புகையைத் திரும்ப உள்ள விடுறது எதுக்கு? அது தப்பான டிசைன்தானே?”

தப்பு இல்லை. டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சூடு மிக அதிகமானால், காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. நுரையீரலைப் பதம் பார்க்கும் வாயு அது. ஒருமுறை எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் குறைவு. கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் அதிகம். அதில் ஒரு பங்கைக் குளிரவைத்து உள்ளே சேர்த்தால் எரிசூடு தணிகிறது, அந்த வாயுவும் குறைகிறது. பெங்களூரு உட்பட 13 நகரங்களுக்கு 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6, அதில் 80 மில்லிகிராம்தான்.

இன்னொரு விஷயம். இந்த வால்வு எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. பாரமில்லாமல் மெதுவாக ஓடும்போது நன்றாகத் திறக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அப்போது என்ஜினுக்கு வேண்டியது காற்று.

3. “என் வண்டி ஆயிலே குடிக்கிறதில்ல. அப்புறம் எண்ணெய் எங்கேர்ந்து வருது?”

பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் அவற்றின் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்கு இறங்கும். அங்கே அழுத்தம் சேராமல் இருக்க பிரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த வாயு வெளிக்காற்றில் கலக்காமல், டர்போவுக்கு (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சுழலி) முன்னால் இன்டேக்கிலேயே போய்ச் சேரும். நடுவில் எண்ணெயைப் பிரித்து வடிகட்ட ஓர் அறை உண்டு. அது எல்லாத் துளியையும் பிடித்துவிடாது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்ததாகத் தெரியாத அந்தச் சிறு அளவே ஆண்டுக்கணக்கில் ஓடினால் போதும்.

ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றி ஓட்டினால் இந்த ஆவி இன்னும் கூடும். “கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லதுதானே” என்று ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்லதில்லை.

4. “பெட்ரோல் வண்டிக்கு இது வராதா?”

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புது வண்டிகளில் இன்டேக் வால்வின் முதுகில் வரும். வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கும் வண்டிகளில் அந்தப் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடுகிறது. டீசலில் அப்படிக் கழுவ எதுவும் இல்லை.

5. “சேலம் போயிட்டு வந்தா வண்டி நல்லா இழுக்குது. பெங்களூர்ல ஓட்டினா மந்தமாயிடுது. ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?”

உண்டு. சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று நகரும்போது என்ஜின் செய்வது 2ஆம் பதிலில் சொன்ன அந்தப் பாரமில்லாத ஓட்டம்தான். ஈ.ஜி.ஆர். திறந்திருக்கும், புகைச்சூடு குறைவு, இன்டேக்கில் காற்றின் வேகமும் குறைவு. கரி போய் ஒட்டிக்கொள்ள இதைவிடத் தோதான நிலை வேறில்லை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஆபீஸ் என்றால் இன்னும் மோசம். என்ஜின் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள்.

ஆனால் சேலம் சாலையில் இழுவை கூடுவதை முழுக்கக் கரியோடு முடிச்சுப் போட வேண்டாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. டர்போ சுழன்று அழுத்தம் ஏற்றுவதற்கு முன், குறைந்த சுற்றில், இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் வண்டி சுறுசுறுப்பாவதில் கொஞ்சம் அந்த அடர்ந்த காற்றின் வேலை.

நெடுஞ்சாலை ஓட்டம் நல்லதுதான். புதிதாகப் படிவது குறையும், டர்போவின் உள் இறக்கைகள் சிக்காமல் அசையும். ஏற்கெனவே இறுகிய தார் மட்டும் அதனால் போகாது.

6. “அடைச்சிருக்குன்னு திறக்காமலே தெரியுமா?”

ஓரளவு தெரியும். கீழ்ச்சுற்றில் பிக்கப் குறையும், மேடேறும்போது கறுப்புப் புகை வரும், ஐடிலில் வண்டி நடுங்கும், மைலேஜ் மெல்ல இறங்கும். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் பி0401 என்ற குறி அடிக்கடி வரும். ஈ.ஜி.ஆர். வழியே போதுமான புகை வரவில்லை என்பது அதன் பொருள். பி0402 என்றால் தேவைக்கு மேல் வருகிறது. வால்வு மூட முடியாமல் கரியில் சிக்கியிருக்கலாம்.

ஆனால் இதே அறிகுறிகள் கிழிந்த இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) ஹோஸுக்கும், கெட்ட இன்ஜெக்டருக்கும், அடைத்த ஏர் ஃபில்டருக்கும் பொருந்தும். அதனால் குறியைப் பார்த்ததும் ஈ.ஜி.ஆர். வால்வை மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். இன்டேக் த்ராட்டிலுக்கு (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு வால்வு) முன்னால் இருக்கும் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பத்து, பதினைந்து நிமிட வேலை.

7. “இன்டர்கூலர் குழாய்ல எண்ணெய் இருக்கு. டர்போ போச்சுன்னு சொல்லிட்டாங்க சார்.”

இந்த ஒரு வாக்கியத்தால் தேவையில்லாமல் டர்போ மாற்றிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல மாதச் சேமிப்பு. குழாயின் உள்சுவரில் விரல் வைத்தால் பளபளவென்று ஒட்டுகிற அளவு எண்ணெய் இருப்பது இயல்பு. அது 3ஆம் பதிலில் சொன்ன பிரீதர் எண்ணெய்.

குழாயைச் சாய்த்தால் வடிகிற அளவு தேங்கியிருந்தால்தான் விசாரிக்க வேண்டும். அப்போதும் வரிசையாகப் பாருங்கள். ஆயில் அளவு அதிகமா? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் ஓடும் வண்டியில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அப்போது உறிஞ்சல் கூடி எண்ணெயை இழுக்கும். பிரீதரின் எண்ணெய் பிரிக்கும் அறை வேலை செய்கிறதா? டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா? இவ்வளவும் சரியாக இருந்து, டர்போ தண்டு ஆடி இறக்கைகள் சுவரில் உரசிய தடமும் இருந்தால் அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம்.

8. “டீசல் டேங்க்ல ஊத்துற கார்பன் கிளீனர் பாட்டில் போதாதா?”

டேங்கில் ஊற்றியது பம்பு, இன்ஜெக்டர் வழியாக நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. இன்டேக் மேனிஃபோல்டு அதன் பாதையிலேயே இல்லை. இன்ஜெக்டர் முனைக்கு ஒருவேளை நன்மை செய்யலாம். நீங்கள் கேட்கும் அடைப்பை அது தொடவே தொடாது.

9. “ஹைட்ரஜன் வச்சு ஒரு மணி நேரத்துல கிளீன் பண்றாங்களாமே?”

தண்ணீரைப் பிரித்து வரும் வாயுவை இன்டேக்கில் செலுத்துவார்கள். அது எரிவது சிலிண்டருக்குள். மேனிஃபோல்டில் இருக்கும் தார் தீயைப் பார்ப்பதே இல்லை, பிறகு எப்படிக் கரையும்? அப்படிச் செய்துவிட்டு வந்த வண்டிகளை நான் கழற்றிப் பார்த்தபோது மேனிஃபோல்டின் அடைப்பு அப்படியே இருந்தது. அந்தப் பணத்தைக் கழற்றிக் கழுவும் கூலிக்கு வையுங்கள்.

10. “யூடியூப்ல ஓடுற என்ஜின்ல ஸ்பிரே அடிக்கிறாங்க. நானே வீட்ல செய்யலாமா?”

தயவுசெய்து வேண்டாம். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை; எரியக்கூடிய எந்த ஆவி இன்டேக் வழியாகப் போனாலும் அழுத்தச் சூட்டில் அதை எரித்துவிடும். ஸ்பிரே அதிகமானாலோ, இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெய் மொத்தமாக உள்ளே போனாலோ என்ஜின் தானாகச் சுற்று ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது எரிப்பது இன்ஜெக்டர் தரும் டீசலை அல்ல. பெயர்ந்த கரிக்கட்டி வால்வில் சிக்கலாம், வெளியே போகும்போது டர்போ இறக்கையில் அடிக்கலாம்.

அப்படி ஓட ஆரம்பித்துவிட்டால்: மேனுவல் கியர் வண்டியில் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விடுங்கள், என்ஜின் திணறி நிற்கும். அது முடியாவிட்டால் காற்று போகும் வாயைப் பலகை போன்ற உறுதியான பொருளால் மூட வேண்டும். கையை வைக்கவே கூடாது. அருகே போகும் நிலை இல்லையென்றால் விலகி நில்லுங்கள். என்ஜின் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

11. “சரி, ஒழுங்கா சுத்தம் பண்றதுன்னா என்னதான் பண்ணுவீங்க?”

கழற்ற வேண்டும். மேனிஃபோல்டு, ஈ.ஜி.ஆர். வால்வு, இன்டேக் த்ராட்டில், அழுத்த சென்சார் எல்லாம் வெளியே வரும். கழற்றும்போதே நான் ஒன்றைக் கவனிப்பேன். ஈ.ஜி.ஆர். புகை சேரும் இடத்துக்கு முன்னால் எண்ணெய்ப் படலம், அதற்குப் பின்னால் கறுப்புத் தார் என்றால் வழக்கமான கதை. முன்னாலேயே எண்ணெய் குளமாக நின்றால் 7ஆம் பதிலுக்குப் போக வேண்டும். கரி ஈரமாகக் கூழ் மாதிரி இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே கசிகிறது. அதை விட்டுவிட்டு மற்றதைக் கழுவுவதில் பயனில்லை.

மேனிஃபோல்டை டிகிரீசரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் அடிப்பேன். சில இடங்களில் காஸ்டிக் சோடாவில் போடுகிறார்கள். அலுமினியத்தை அது கரைத்துவிடும். கழுவியது பளிச்சென்று இருக்கும். கேஸ்கட் உட்காரும் முகம் அரித்திருக்கும். ஈ.ஜி.ஆர். வால்வின் மோட்டார் பகுதியில் திரவம் படவே கூடாது. சிலிண்டர் ஹெட்டின் துவாரங்களை, அந்தந்த சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும் நிலையில் வைத்து, மற்றவற்றைத் துணியால் அடைத்து, சுரண்டச் சுரண்ட வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும். வசதி உள்ள இடங்களில் அரைத்த வால்நட் ஓட்டுப் பொடியைப் பீய்ச்சி எடுப்பார்கள், உலோகத்தைக் கீறாது. பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. பூட்டியபின் ஸ்கேனரில் ஈ.ஜி.ஆர்., த்ராட்டில் நிலைகளைப் புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். இதை விட்டால் “கழுவியும் ஐடில் சரியில்லை” என்று வண்டி திரும்பி வரும்.

வேலை செய்யும் பையன்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்த கரியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் வகைப்படுத்தியது. மாஸ்க், கையுறை இரண்டும் வேண்டும். கழுவிய கறுப்புத் தண்ணீரைச் சாலையோரக் கால்வாயில் விட வேண்டாம்; நம் நகரின் ராஜகாலுவேக்கள் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) ஏரிகளுக்குத்தான் போகின்றன.

12. “எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதடவை செய்யணும்?”

நிலையான எண் கிடையாது. விமான நிலையத்துக்கே ஓடும் டாக்ஸி ஒரு லட்சம் கிலோமீட்டரில் சுத்தமாக இருக்கும். அல்சூருக்குள்ளேயே ஓடும் கார் அதில் பாதியில் அடைத்திருக்கும். இரண்டு சர்வீசுக்கு ஒருமுறை 6ஆம் பதிலில் சொன்னபடி குழாயைக் கழற்றிப் பாருங்கள். படிவு மெல்லியதாக இருந்தால் தொடாதீர்கள்.

13. “ஈ.ஜி.ஆரை ஒரு பிளேட் வச்சு மூடிட்டா நிரந்தரத் தீர்வுதானே?”

கரி வருவது நிற்கும், உண்மைதான். அதற்காகச் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த நிலையிலிருந்து இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வாரன்டி இருந்தால் அதுவும் போகும். பி.எஸ். 6 வண்டியில் கணினி உடனே கண்டுபிடித்து விளக்கைப் போடும், பவரையும் குறைக்கும். அதை மறைக்க மென்பொருளைத் திருத்தினால் அடுத்து எந்தக் கோளாறு வந்தாலும் கண்டுபிடிப்பது கடினம்.

“மாசுச் சான்றிதழ் சோதனையில் பாஸ் ஆகிறதே” என்பார்கள். டீசலுக்கு அந்தச் சோதனை பார்ப்பது புகையின் கறுப்பை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியாது, அங்கே அளப்பதும் இல்லை. பிளேட் வைத்த வண்டியின் புகை வெளுத்திருக்கலாம். அந்த வண்டிக்குப் பின்னால் டூ வீலரில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவர் சுவாசிப்பது கூடியிருக்கும். இந்த வேலையை என் பட்டறையில் செய்வதில்லை.

14. “போன தடவை கழுவி நாலே மாசம். திரும்ப அதே கதை. ஏன்?”

கழுவியது விளைவை, காரணம் அப்படியே இருக்கிறது. ஈஜிபுராவிலிருந்து ஒரு டாக்ஸி இப்படித்தான் என்னிடம் திரும்பி வந்தது. இன்ஜெக்டர் பார்த்தேன், ஹோஸ்களைப் பார்த்தேன், பிரீதரும் சரி. ஓட்டுகிற அண்ணன் பேச்சுவாக்கில், “வெப்பமானி பாதிக்கு வர்றதே இல்லப்பா, என்ஜின் கூலா ஓடுது” என்று பெருமையாகச் சொன்னார். அங்கேதான் விடை இருந்தது. என்ஜின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. என்ஜின் முழுச் சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் சரியாக எரியாது, கரி கூடும், வளையங்களின் வழியே கசிவும் கூடும், பிரீதரில் நீராவி தங்கும். முதல் முறை கழுவும்போதே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து சூட்டை அளக்காமல் மேனிஃபோல்டில் ஸ்பேனர் வைப்பதில்லை.

சூடு சரியென்றால் மற்றவை: ஒழுகும் இன்ஜெக்டர், இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல், காற்றளவு சென்சார். இந்த சென்சார் தப்பாகச் சொன்னால் பல வண்டிகளில் ஈ.ஜி.ஆர். திறக்கும் அளவும் தப்பாகும்.

15. “பி.எஸ். 6 வண்டி. ஆயில் லெவல் தானா ஏறுது! இதுவும் சேர்ந்ததா?”

சேர்ந்ததுதான். உங்கள் வண்டியில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சூட்டுக்காகச் சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் தெளிக்கிறார்கள். நகர நெரிசலில் எரிப்பு முடிவதற்குள் வண்டியை அணைத்தால், மறுபடி மறுபடி முயற்சி நடக்கும்; சுவரில் ஒட்டிய டீசல் ஆயிலில் இறங்கும். அளவு ஏறும், ஆயில் நீர்க்கும், 3ஆம் பதிலில் சொன்ன ஆவி கூடும்.

மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உறிஞ்சி எடுத்துச் சமாளிக்காமல் ஆயிலையே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை நைஸ் ரோட்டிலோ ஒசூர் சாலையிலோ அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது டி.பி.எஃப்.புக்கு உண்மையிலேயே உதவும்.

16. “எந்த ஆயில் ஊத்தினா கரி குறையும்?”

கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதுவே. டி.பி.எஃப். வண்டிக்குப் பெரும்பாலும் ஏ.சி.இ.ஏ. என்ற ஐரோப்பியத் தர வரிசையில் சி2 அல்லது சி3 வகை சொல்லியிருப்பார்கள். அவற்றில் சாம்பல் குறைவு. டப்பாவில் ஆயிலின் தடிமனைக் காட்டும் 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் பொருந்தினால் போதாது. நகர ஓட்டம் என்றால் கையேட்டில் கடினமான ஓட்டத்துக்குச் சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள்.

17. “பழைய டீசல் வண்டி பார்த்து வெச்சிருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி இதுல என்ன பார்க்கலாம்?”

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான மூச்சு வரலாம். புசுபுசுவென்று புகை தள்ளினால் வளையங்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈ.ஜி.ஆர். குழாய் இணைப்பில் புதிதாகத் தகடு எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்கேனர் போட்டு, அழித்த குறிகள் ஓட்டிப் பார்த்தபின் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக அந்த ஒரு குழாயைக் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். கரி இருந்தால் பயப்பட வேண்டாம், கழுவும் கூலியை விலையில் குறைத்துப் பேசலாம். கழற்றவே விட மாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.